கடலோர ஊரில் வாடகை வீடு: தனியாளாகப் பிள்ளை வளர்ப்பவர் பார்க்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலோர ஊர்களில் வாடகைக்கு வரும் வீடுகளைப் பற்றிய விளம்பரங்களும், அத்தகைய ஊர்களுக்குக் குடிபெயர்வதன் நன்மைகளைச் சொல்லும் கட்டுரைகளும் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. கடற்கரை எத்தனை நிமிட நடை, மாடியிலிருந்து கடல் தெரியுமா, மாலையில் காற்று வருமா என்பவைதான் அவற்றில் முதலிடம் பெறுகின்றன. தனியாளாக ஒரு மகளை வளர்க்கும் தகப்பன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கணவன், மனைவி இருவரும் உள்ள குடும்பத்துக்கே இந்த விவரங்கள் போதா. ஒருவரே சம்பாதித்து, ஒருவரே சமைத்து, பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் அந்த ஒருவரே ஓட வேண்டிய வீட்டுக்கு இவை ஏறக்குறையப் பயனற்றவை.

இரண்டு பேர் உள்ள வீட்டில் ஒருவருக்கு முடியாத நாளில் மற்றவர் இருக்கிறார். எங்களைப் போன்றவர்களின் வீட்டில் அந்த மற்றவரின் வேலையை ஊர்தான் செய்தாக வேண்டும். பேருந்து தவறாமல் வருவதும், மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருப்பதும், பக்கத்து வீட்டில் ஆண்டு முழுவதும் ஆள் இருப்பதும், வீட்டுக்காரர் பாதிப் பள்ளியாண்டில் வீட்டைக் காலி செய்யச் சொல்லாமல் இருப்பதும் எங்களுக்கு வசதிகள் அல்ல; குடும்பத்தின் இன்னொரு ஆளைப் போன்றவை. ஓர் ஊர் இந்த வேலையைச் செய்யுமா என்று பார்த்துத்தான் நாங்கள் கடலோரத்தில் வீடு எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. கடல் எவ்வளவு அருகில் என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு சாதாரணக் கணக்கு. உள்நாட்டு ஊர் ஒன்றில் வீட்டைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டால், அதற்குள் எல்லாத் திசையிலும் பள்ளிகளும் மருத்துவர்களும் வேலை தரும் இடங்களும் இருக்கலாம். கடற்கரையில் அதே வட்டத்தைப் போட்டால் பாதி தண்ணீர். மிச்சமிருக்கும் பாதியிலும் கழிமுகமோ உப்பங்கழியோ குறுக்கிட்டால், வரைபடத்தில் கூப்பிடு தூரத்தில் தெரியும் இடத்துக்குப் பாலம் தேடிச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். பல ஊர்களில் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் ஒரே சாலைதான். அது விடுமுறை நாள்களில் நெரிசலாலும் மழைக்காலத்தில் வெள்ளத்தாலும் அடைபடும். இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி 2021-ஆம் ஆண்டுக்கான தம் ஆண்டறிக்கை முழுவதையும் கடலோர மக்களின் உடல்நலத்துக்கே ஒதுக்கினார். அங்கே நோயாளிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடும்போது சிறப்பு மருத்துவர்கள் மற்ற பகுதிகளைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு என்று அந்த அறிக்கை சொல்கிறது. பணமும் பொது மருத்துவக் கட்டமைப்பும் உள்ள ஒரு நாட்டிலேயே நிலைமை இதுவென்றால், மற்ற இடங்களில் வீடு பார்ப்பவர் குழந்தை மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் ஊரில் இருக்கிறார் என்பதை விசாரித்துவிட்டு முன்பணம் கொடுப்பதே நல்லது.

இந்தத் தூரக் கணக்கை வார நாள் ஒன்றின் முற்பகலில் வைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல், வந்து அழைத்துப் போங்கள் என்று பள்ளியிலிருந்து பதினொரு மணிக்கு அழைப்பு வருகிறது. வேலையிடத்திலிருந்து பள்ளிக்கு எவ்வளவு நேரம், பள்ளியிலிருந்து மருத்துவரிடம் போக எவ்வளவு நேரம், அந்த நேரத்தில் பேருந்து உண்டா என்பதே கேள்வி. விடுமுறைக் காலத்தில் கால் மணிக்கு ஒரு பேருந்து ஓடும் ஊரில், கூட்டம் கலைந்த மாதங்களில் மணிக்கு ஒன்றுகூட ஓடாது. ஆகவே ஊரைப் பார்க்கப் போவதானால் கூட்டமில்லாத மாதத்தில், வார நாளில் போக வேண்டும். விடுமுறையில் பார்த்துப் பிடித்துப்போன ஊரும், ஈரமும் வெறிச்சோடிய தெருக்களுமாக அது இருக்கும் மாதங்களில் காணும் ஊரும் ஒன்றல்ல. வரிசையாகப் பூட்டிய வீடுகளுக்கு நடுவே தனியாக ஒரு குழந்தையுடன் குடியிருப்பவருக்கு நள்ளிரவில் கதவைத் தட்டி உதவி கேட்க ஆளிருக்காது. இருட்டிய பிறகு அந்தத் தெருவில் ஒரு முறை நடந்து, எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது என்று பார்த்தால் எந்தத் தரகரும் சொல்லாத விவரம் கிடைத்துவிடும்.

அடுத்ததுதான் பெரிய இடி. சுற்றுலா ஊர்களில் பல வீட்டுக்காரர்கள் கூட்டமில்லாத மாதங்களுக்கு மட்டும் வீட்டை வாடகைக்கு விட்டு, சீசன் தொடங்கும்போது குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லி, பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். எட்டு, ஒன்பது மாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது வாடகை குறைவு என்ற மகிழ்ச்சிதான் முன்னே நிற்கும். பிள்ளையின் தேர்வு மாதமும் வீட்டைக் காலி செய்யும் மாதமும் ஒன்றாக வரும்போதுதான் அதன் விலை தெரியும். இருவர் உள்ள வீட்டில் ஒருவர் சாமான் கட்டலாம், ஒருவர் வீடு தேடலாம். தனியாள் அந்த மாதத்தில் வேலையையும் பார்த்துக்கொண்டு, ஊரெங்கும் வாடகை ஏறியிருக்கும் அதே சீசனில் புதிய வீட்டையும் தேட வேண்டும். வீடு கிடைக்காவிட்டால் ஊர் மாற வேண்டும். ஊர் மாறினால் பள்ளியும் மாறும்.

இது தனிப்பட்டவர்களின் புலம்பலாக நின்றுவிடவில்லை என்பதற்குச் சான்றுகள் உண்டு. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் உள்ள செயின்ட் ஐவ்ஸ் என்ற கடற்கரை ஊரின் மக்கள், புதிதாகக் கட்டப்படும் வீடுகள் ஆண்டு முழுவதும் குடியிருப்பவர்களுக்கே என்ற விதிக்கு 2016-இல் பெரும்பான்மையாக வாக்களித்தார்கள். வேல்ஸில் உள்ளாட்சி மன்றங்கள், உரிமையாளர் அவ்வப்போது மட்டும் வந்து தங்கும் இரண்டாம் வீடுகளுக்கு வழக்கமான வரிக்கு மேல் 300 விழுக்காடு வரை கூடுதல் வரி விதிக்க 2023 ஏப்ரல் முதல் அனுமதி உண்டு. பார்சிலோனா நகரம், சுற்றுலாப் பயணிகளுக்கான அடுக்ககங்களின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உரிமங்களை 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக 2024-இல் அறிவித்தது. இந்த நடவடிக்கைகளால் வாடகை குறையுமா என்பதில் பொருளாதார அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எனக்கும் சந்தேகம் உண்டு, ஏனெனில் புதிய வீட்டை வாங்க முடியாத வெளியூர்க்காரர்களின் பார்வை பழைய வீடுகளின் மேல் திரும்பிவிடலாம். ஆனாலும் ஒன்று தெளிவு: ஆண்டு முழுவதும் குடியிருக்க விரும்புபவர் இத்தகைய ஊர்களில் வீட்டுக்காகப் பயணிகளோடு போட்டியிடுகிறார், ஒற்றைச் சம்பளக்காரருக்கு அந்தப் போட்டியில் இடம் கடைசியில்தான். எனவே ஒப்பந்தம் பன்னிரண்டு மாதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா, அது முடியும் மாதம் பள்ளி விடுமுறையில் விழுகிறதா, இதற்கு முன்பு குடியிருந்தவர் ஏன் போனார் என்ற கேள்விகளை வாடகைப் பேச்சுக்கு முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். முடியும் தேதியை மாற்றித் தரும்படி கேட்பதில் தவறில்லை. வீட்டை உண்மையிலேயே குடித்தனத்துக்கு விடுபவர் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார். சீசனுக்காகக் காத்திருப்பவர் மழுப்புவார். அந்த மழுப்பலே போதுமான பதில்.

இனி வீடு. கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை உடையும்போது அதன் நுண்துளிகள் காற்றோடு உள்ளே வருகின்றன. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு இயல்பாகவே ஒரு காப்புப் படலம் உண்டு. உப்பிலுள்ள குளோரைடு உள்ளே இறங்கி அந்தப் படலத்தைக் குலைத்துவிடும். துருவாக மாறிய இரும்பு தன் பழைய அளவைப் போலப் பல மடங்கு இடத்தைக் கேட்பதால் கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கிறது. புதிதாக வெள்ளையடித்த கூரையிலும் இதைக் கண்டுபிடிக்கலாம்: கம்பி ஓடும் வழியே நேர்கோட்டில் மெல்லிய பழுப்புக் கறையோ மயிரிழை விரிசலோ தெரியும், விரல் கணுவால் தட்டினால் அந்த இடம் மட்டும் பொக்கென்று ஒலிக்கும். குழந்தையின் கட்டில் அதற்குக் கீழே வரக்கூடாது. சன்னல் கொக்கியைக் கையால் திறந்து மூடிப் பாருங்கள், அலமாரிக் கதவைத் திறந்து முகர்ந்து பாருங்கள், அலமாரியை நகர்த்தி அதன் பின்சுவரைத் தொட்டுப் பாருங்கள். ஓதம் ஏறிய சுவரில் பூஞ்சணம் வரும். அது மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்கு ஆகாது, இரவு முழுவதும் விழித்திருக்கப்போவது நீங்கள் ஒருவர்தான். கரையை விட்டுச் சில நூறு மீட்டர் உள்ளே வந்தாலே காற்றில் வரும் உப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. விளம்பரம் குறையாகக் காட்டும் அந்தச் சில நூறு மீட்டர் எங்களுக்கு நிறை.

தண்ணீரைப் பற்றி விளம்பரங்கள் பெரும்பாலும் எதுவுமே சொல்வதில்லை. கடலோர நிலத்தடியில் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் கணக்கு. அதையே திருப்பிப் பார்த்தால், மேலே ஒரு மீட்டர் இறங்கினால் கீழே உப்புநீர் நாற்பது மீட்டர் ஏறி வர இடமிருக்கிறது. சீசனில் விடுதிகள் எல்லாம் இறைக்கத் தொடங்கும்போது, மழைக்காலத்தில் குடிக்க நன்றாக இருந்த கிணறு கரிக்கத் தொடங்குவது இதனால்தான். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. நீர் ஆவியாகும் அளவுக்கு உப்பின் செறிவு கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைப்பவர் இதை மனத்தில் வைக்க வேண்டும். வீட்டுக்கு வருவது குழாய் நீரா, கிணற்று நீரா, வண்டியில் வரும் நீரா, வறண்ட மாதத்தில் யார் சுமந்து மாடிக்கு ஏற்றுவது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

புயலும் கடல் கொந்தளிப்பும் எல்லோருக்கும் பொதுவானவைதானே என்று சிலர் கேட்கலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வந்தது, பள்ளிகள் மூடியிருந்தன. அன்று வார நாளாக இருந்திருந்தால் பிள்ளை எங்கே இருந்திருக்கும், தனியாளான பெற்றோர் எங்கே இருந்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தால் எங்கள் கவலை எதுவென்று விளங்கும். அப்போது இந்தியப் பெருங்கடலுக்கு முன்னெச்சரிக்கை அமைப்பு இல்லை, இப்போது இருக்கிறது. புயலையும் பல நாள் முன்னதாகவே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் எச்சரிக்கை வந்ததும் பிள்ளையை யார் அழைத்து வருவது என்பதை எந்த வானிலை மையமும் தீர்த்து வைக்க முடியாது. பள்ளி மேட்டில் இருக்கிறதா, ஆபத்து வந்தால் பிள்ளைகளை அங்கேயே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அதற்கு உண்டா, பெற்றோர் எழுதிக் கொடுத்த வேறொருவரிடம் பிள்ளையை ஒப்படைப்பார்களா என்பவற்றைச் சேர்க்கைப் படிவம் வாங்கும்போதே பேசி முடிக்க வேண்டும். 2013 நவம்பரில் பிலிப்பைன்ஸின் டக்லோபான் நகரைத் தாக்கிய ஹையான் புயலில் மக்கள் தஞ்சம் புகுந்த கட்டடங்களுக்குள்ளேயே கடல் புகுந்தது. ஆகவே புகலிடம் என்று பெயரிருந்தால் போதாது, அது எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

பெரிய புயலைவிட அடிக்கடி வருவது சிறு தொல்லை. ஏற்ற இறக்கம் பெரிதாக உள்ள கடல்களை ஒட்டிய தாழ்வான தெருக்களில், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் கடல் ஏறும் நேரம் பார்த்துப் போய், வடிகாலில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனிக்கலாம். கடலை நோக்கி ஓட வேண்டிய நீர் தெருவை நோக்கி வருமானால் அந்தத் தெருவின் தரைத்தள வீடு வேண்டாம். வீட்டுக்காரரின் காப்பீடு கட்டடத்துக்குத்தான். உள்ளே இருக்கும் உங்கள் பீரோவுக்கும் பிள்ளையின் புத்தகங்களுக்கும் அது பொதுவாகப் பொருந்தாது. ஒரு வகையில் வாடகைக்கு இருப்பவர் கொடுத்து வைத்தவர் என்றும் சொல்லலாம். கடல் மட்டம் இந்த நூற்றாண்டின் நடுவில் எங்கே நிற்கும் என்ற கவலை வீடு வாங்குபவருக்கு. பிள்ளை பள்ளியை முடிக்கும் வரையிலான சில ஆண்டுகளை மட்டும் பார்த்தால் எங்களுக்குப் போதும்.

கடலில் குளிப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் நீரில் மூழ்கி இறந்தவர்கள் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர்; அவர்களில் கிட்டத்தட்டக் கால்பங்கினர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். கரையில் உயிர்காப்பாளர் எந்த மாதங்களில் இருப்பார் என்று கேட்டுக்கொண்டு, பிள்ளைக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க ஊரில் ஏற்பாடு உண்டா என்றும் பார்த்துக்கொண்டால் சரி.

வீட்டுக்காரர்களின் கேள்விகளைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தாய் தனியாகப் போனால் கணவர் எங்கே என்கிறார்கள்; தகப்பன் தனியாகப் போனால் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார் என்கிறார்கள். இரண்டுமே வாடகையோடு தொடர்பில்லாதவை. அமெரிக்காவில், பிள்ளைகள் இருப்பதைக் காரணம் காட்டி வீடு மறுப்பதை 1988-இல் செய்யப்பட்ட திருத்தம் சட்டவிரோதமாக்கியது. எல்லா நாட்டிலும் இப்படிப்பட்ட காப்பு கிடையாது. காப்பு இருக்கும் இடத்திலும் நேற்றே வீடு போய்விட்டது என்ற ஒரு பொய்க்கு முன்னால் சட்டம் வாய்மூடி நின்றுவிடுகிறது. மாத வருமானம் வாடகையைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்று முகவர்கள் வைக்கும் நிபந்தனை நேரில் நியாயமாகத் தெரிந்தாலும், இரு சம்பளங்களை மனத்தில் வைத்து ஏறிய வாடகைக்கு அதை ஒற்றைச் சம்பளத்தில் பொருத்தினால் நடைமுறையில் எங்களை வெளியே நிறுத்தும் கதவாகிறது. பழைய வீட்டுக்காரர் தந்த நன்னடத்தைக் கடிதத்தையும் வாடகை தவறாமல் கட்டிய வங்கிப் பதிவையும் கையோடு கொண்டுபோவது ஓரளவு உதவும்.

மணமுறிவுக்குப் பின் பிள்ளையை வளர்ப்பவர்கள், புதிய ஊர் எவ்வளவு பிடித்திருந்தாலும், மற்றப் பெற்றோரின் சம்மதமோ நீதிமன்றத்தின் அனுமதியோ தேவையா என்பதை வழக்கறிஞரிடம் கேட்காமல் ஒப்பந்தம் போடக்கூடாது. நாட்டின் எல்லையைத் தாண்டும் குடிபெயர்வானால் பிள்ளையை முறையின்றி வேறு நாட்டுக்குக் கொண்டுபோவதைத் தடுக்கும் 1980-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை குறுக்கே வரலாம்.

இவ்வளவையும் படித்துவிட்டுக் கடலோரமே வேண்டாம் என்று சொல்கிறேன் என யாரும் எண்ண வேண்டாம். அலை ஓய்ந்த பிறகு கடலாடலாம் என்று காத்திருந்தால் எந்த ஊரிலும் குடியேற முடியாது. செலவில்லாமல் பிள்ளை ஓடியாட இடம் இருப்பதும், பகலில் கடலிலிருந்து வரும் காற்று வெயிலைத் தணிப்பதும் ஒற்றைச் சம்பள வீட்டுக்குச் சிறிய விஷயங்கள் அல்ல. என் விருப்பத்தைக் கேட்டால், பயணிகளுக்காகவே வாழும் ஊரைத் தவிர்த்து, துறைமுகமோ கல்லூரியோ அரசு மருத்துவமனையோ இருக்கும், ஆண்டு முழுவதும் வேலை நடக்கும் ஊரைத் தேர்ந்து, கரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் உள்ளே, முதல் மாடியில் வீடு பார்ப்பேன். அத்தகைய ஊர் அழகில் சற்றுக் குறைவாக இருக்கலாம். லாரிச் சத்தமும் மீன் வாடையும் இருக்கலாம். அங்கே சீசன் முடிந்ததும் பேருந்து நின்றுபோகாது, மருந்துக்கடை மூடாது, பக்கத்து வீட்டில் விளக்கு எரியும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். வாடகை விளம்பரம் கொடுப்பவர்கள் நிரப்பும் படிவத்தில், ஒப்பந்தம் எத்தனை மாதம், குடிநீர் எங்கிருந்து வருகிறது, கடந்த பத்து ஆண்டுகளில் வீட்டுக்குள் வெள்ளம் வந்ததா என்ற மூன்று கேள்விகளுக்கு இடம் ஒதுக்கி, பதில்களையும் விளம்பரத்தோடு அச்சிடலாம். பதில் தர மறுப்பவரின் விளம்பரத்தை மறுக்க வேண்டியதில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டு அச்சிட்டாலே போதும், மற்றதை வீடு தேடுபவர் புரிந்துகொள்வார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்